ஆலம்பரைக் கரையில் இருதயசாமி ஆடிய கூத்து

இருதயசாமிக்குக் கெட்ட பழக்கம் என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது. குடி கிடையாது, பீடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆனால் நாலு பேர் ஒரு இடத்தில் கூடிச் சும்மா உட்கார்ந்திருந்தால் அவனுக்கு உடம்பெல்லாம் நமைச்சல் எடுத்துவிடும். சாவு வீடாகவே இருந்தாலும் சரி, ஒருத்தராவது சிரித்தால்தான் அவனுக்கு மூச்சு சீராக வரும்.

மதுராந்தகம் பக்கத்தில் முப்பது வீடு உள்ள ஒரு கிறிஸ்தவ ஊரில் பிறந்தவன். தவக்காலத்தில் அங்கே ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போடுவார்கள். அவனுடைய பதினாறாவது வயதில், சிலுவைக்குக் கீழே உட்கார்ந்து ஆண்டவருடைய அங்கிக்காகத் தாயக்கட்டை உருட்டும் சேவகன் வேஷம் கிடைத்தது. வசனம் ஒரே வரி. உருட்டிவிட்டு எழுந்து போக வேண்டியவன், விழுந்த எண்ணைப் பார்த்து ஒரு முழி முழித்தான். கூட்டம் மொத்தமும் கொல்லென்று சிரித்துவிட்டது. மேலே சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்த பெரியப்பா மகனுக்கே வயிறு குலுங்கியது. திரைக்குப் பின்னால் பங்குச் சாமியார் விட்ட அறையில் மூன்று நாள் காது இரைந்தது. பிற்காலத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அறையை ஒரு வார்த்தையோடு முடித்துவிடுவான். சிரிப்பைப் பற்றித்தான் கால் மணி நேரம் பேசுவான்.

ஐ.டி.ஐ. முடித்து அங்கே இங்கே அலைந்துவிட்டு, ஒரகடத்தில் கார்க் கதவுக்கு இரும்புப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தான். பதினோரு வருஷம் ஓடிப்போயிற்று. ஸ்ரீபெரும்புதூரில் வாடகை வீடு. மனைவி அன்னபுஷ்பம் பேக்கிங் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். மகள் ஜோவிதா பத்தாவது. விடிவதற்கு முன்னால் வரும் கம்பெனி பஸ்ஸில் நடுவரிசை ஜன்னல் சீட்டை அவனுக்கென்று காலியாக விட்டு வைத்திருப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் தலை தொங்கிக் கிடக்கும் பஸ், அவன் ஏறி ஒரகடம் போய்ச் சேர்வதற்குள் விழித்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும். சூப்பர்வைசர் சீனிவாசன் நடக்கிற நடையை அவன் நடந்து காட்டினால், சீனிவாசனே பார்த்தாலும் சிரிப்பார் என்பார்கள். உண்மையில் ஒரு தடவை பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை.

அந்தப் பஸ்ஸில்தான் அவனுக்கு மூன்று கூட்டாளிகள் கிடைத்தார்கள். ஜெகதீஷ், காஞ்சிபுரத்துக்காரன், இருதயசாமியின் வயதுதான். மெஷினில் அச்சு மாட்டிச் சரிபார்த்துக் கொடுக்கும் செட்டர் வேலை. திருமலை, தென்காசிப் பக்கம், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். நடேசன் இவர்களில் சின்னவன். இருபத்தேழு வயது. எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவான். இந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் முடிந்த சனிக்கிழமை, கடற்கரை ஓரமாகவே நடந்து போய், ஓர் இரவு மணலில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வருவது என்பது இருதயசாமி கிளப்பிவிட்ட யோசனை. நாலு வருஷம் விடாமல் போனார்கள்.

ஐந்தாவது வருஷத்துக்கு மூன்று மாதம் முன்னால்தான் அது நடந்தது.

அக்டோபர் மாதம், இரண்டாவது ஷிஃப்ட். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம், தகட்டை அழுத்தி வெட்டும் அவனுடைய பிரஸ் மெஷினில் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மெஷினுக்கு முன்னால் ஒரு சென்சார் உண்டு. உள்ளே கை போனால் மெஷின் தானாக நின்றுவிடும். ஆனால் அன்றைக்கு அது கை போகாதபோதும் நின்று நின்று உயிரை வாங்கியது. உருப்படி கணக்கு ஏறவில்லை. சீனிவாசன் வந்து, "இன்னைக்கு மட்டும் அத ஆஃப் பண்ணி ஓட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். சென்சாரை நிறுத்தும் சாவி ஜெகதீஷின் இடுப்பில் இருந்தது. அவன் திருப்பினான். இரண்டு மணி நேரம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு தகடு உள்ளே சிக்கியது. இருதயசாமி எடுக்கக் கையை விட்டான்.

வலது கையில் நடு மூன்று விரலும் போயிற்று. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின.

ஜெகதீஷ்தான் தன் சட்டையைக் கழற்றிக் கையைச் சுற்றினான். அவன்தான் வேனில் தூக்கிப் போட்டான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை மடியில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். மூன்றாம் நாள், வார்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, கட்டில் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு அழுதான்.

"நாந்தான்டா சாவி போட்டேன். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து விசாரிச்சா என் வேல போயிடும்டா. ரெண்டு புள்ளைங்கடா எனக்கு."

"அட ச்சீ, இன்னாத்துக்கு அழுவுற?" என்றான் இருதயசாமி. "உன் பேர நான் எதுக்கு இழுக்கப் போறேன்? சென்சார் ரிப்பேரா இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன். அதோட முடிஞ்சிது. எனக்கு இன்னா நஷ்டம்? இனிமே வூட்டுல என்னை யாரும் மாவு பிசையச் சொல்ல மாட்டாங்க."

ஜெகதீஷ் அழுதுகொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் இருதயசாமிக்கு அன்றைக்கு மனசு லேசாயிற்று.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. சென்சார் ரிப்பேர் என்பதற்கு மெயின்டனன்ஸ் நோட்டில் ஒரு வரிகூட இல்லை என்று விசாரணைக்கு வந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்படியானால் நல்லா இருந்த சென்சாரை நிறுத்தியது யார் என்ற கேள்வி அப்படியே நின்றது. கம்பெனி பதில் சொல்ல வேண்டியிருந்தது. இதெல்லாம் வீட்டில் படுத்துக் கிடந்த இருதயசாமிக்குத் தெரியாது. கை ஆறிக்கொண்டிருந்தது. பிப்ரவரியிலிருந்து லைட் டூட்டி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பொங்கலும் வந்தது.

இந்த வருஷம் கடற்கரைக்குப் போவதாக அவன் நினைக்கவே இல்லை. ஜெகதீஷ்தான் வீடு தேடி வந்தான்.

"நீ இல்லாம நாங்க போயி இன்னா பண்றது? மண்ண எண்ணினு குந்தியிருக்கறதா? உன் பைய நான் தூக்குறேன். நீ வெறுங்கைய வீசிகினு வா."

"வெறுங்கைதான் கீது" என்றான் இருதயசாமி, கையைத் தூக்கிக் காட்டி. அன்னபுஷ்பம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு அப்புறம் புருஷன் வாயில் ஒரு குறும்பு வந்திருக்கிறதே என்று அவளும் போகச் சொல்லிவிட்டாள்.

இரண்டு பைக்கில் கிளம்பினார்கள். இருதயசாமி ஜெகதீஷுக்குப் பின்னால். பனையூரில் நடேசனுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் பைக்குகளை விட்டுவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு மணலில் இறங்கினார்கள். அங்கிருந்து தெற்கே ஆலம்பரைக் கோட்டை வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். இடது கைப்பக்கம் கடல் கூடவே வந்தது. ஈர மணல் ஓரமாக நடந்தால் கால் புதையாது. ஜெகதீஷ் முதுகில் ஒரு பையும் மார்பில் ஒரு பையுமாக நடந்தான். இருதயசாமியின் பூட்ஸ் கயிறு இரண்டு தடவை அவிழ்ந்தது. இரண்டு தடவையும் ஜெகதீஷ்தான் மண்டி போட்டுக் கட்டிவிட்டான்.

"உங்கூட்டுக்காரி பாத்தா சந்தேகப்படும்டா" என்றான் இருதயசாமி. நடேசன் சிரித்தான். திருமலை மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

வழியில் செத்த ஆமை ஒன்று கிடந்தது. பெரிய ஆமை, கல்யாணத் தாம்பாளம் அளவு ஓடு. முன்காலைப் படகு மோட்டாரின் விசிறி துண்டாக்கியிருந்தது. இரண்டு நாய்கள் அதன் கழுத்துப் பக்கத்தை இழுத்துக்கொண்டிருந்தன. நடேசன் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனான். இருதயசாமி நின்று பார்த்தான். வெட்டுப்பட்ட இடம் வெள்ளையாக ஊறிப் போயிருந்தது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. நாய்களை விரட்டிவிட்டு நடந்தான். திரும்பிப் பார்த்தபோது நாய்கள் மறுபடியும் வந்துவிட்டிருந்தன.

ஒரு குப்பத்தில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள், "எங்கப்பா நடந்து போறீங்க? பஸ்ஸு இல்லியா?" என்று கேட்டார்கள். "பஸ்ஸுக்குக் கை காட்டுனேன்மா, ரெண்டு வெரலப் பாத்துட்டு ரெண்டு நிறுத்தம் தள்ளிப் போயி நின்னுட்டான்" என்றான் இருதயசாமி. பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி அவன் கையைப் பார்த்துவிட்டு ஒரு பை நிறையக் கருவாடு போட்டுக் கொடுத்தாள். அதற்கப்புறம் இரண்டு கிலோமீட்டர் தூரம் அவன் கால் தரையில் படவில்லை.

கோட்டையின் உடைந்த செங்கல் சுவர் தூரத்தில் தெரியும் இடத்தில், சவுக்குத் தோப்பு ஓரமாக, பொழுது சாயும் நேரத்தில் கூடாரம் போட்டார்கள். கயிற்றை இழுத்து முளையில் கட்டும் வேலை எப்போதும் இருதயசாமியுடையது. பழக்கத்தில் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டான். இரண்டு விரலால் சுருக்குப் போட வரவில்லை. நழுவியது. மறுபடியும் நழுவியது. "குடுண்ணா, நான் கட்டுறேன்" என்று நடேசன் வாங்கிக்கொண்டான். இருதயசாமி மெல்ல நகர்ந்து போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்தான். இல்லாத விரல்களில் அரிப்பு எடுத்தது. சொரிவதற்கு இடமில்லை.

ஜெகதீஷ் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்து, கோழித் துண்டிலிருந்து எலும்பை எடுத்துவிட்டு, அவன் இடது கைக்கு எட்டும்படி இலையில் வைத்தான்.

"சாப்புடு. எலும்பு பாத்து எடுத்துட்டேன்."

இருதயசாமி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். அப்பன் செத்தபோதுகூட இப்படி ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து பிய்த்துக் கொடுத்ததில்லை என்று நினைத்துக்கொண்டான்.

ஏழு மணி வாக்கில் சவுக்கு மிலாறு கொளுத்தி நெருப்புப் போட்டார்கள். கருவாட்டைச் சுட்டார்கள். நடேசன் ஆரம்பித்து வைத்தான். "அண்ணா, சீனிவாசன் சார் நட." நடந்தான். "எச்.ஆர். மேடம்." பேசினான். கேன்டீன் சாம்பாரில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு தன் சொந்தக்காரர்களைத் தேடி நீந்துகிற கதையைச் சொன்னான். நடேசனுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. பிறகு எல்லாரும் ஓய்ந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அலைச் சத்தம் மட்டும்.

"இருதயம்" என்றான் ஜெகதீஷ். "அந்த நாளு கதையப் பண்ணேன்."

எந்த நாள் என்று யாரும் கேட்கவில்லை. திருமலை எழுந்து, "எனக்கு ஒறக்கம் வருது" என்று கூடாரத்துக்குள் போய்விட்டான்.

இருதயசாமி அதை வைத்து இதுவரை யாரையும் சிரிக்க வைத்ததில்லை. வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே அன்னபுஷ்பம் அழுவாள். ஆனால் இப்போது அந்த அமைதி அவனுக்குத் தாங்கவில்லை. எழுந்தான். துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டான். ஜெகதீஷ் தன் போனை எடுத்து அதன் விளக்கை அவன் மேல் அடித்தான். அந்த வெளிச்சம் இருதயசாமிக்குப் பிடித்திருந்தது. மேடை மாதிரி இருந்தது.

பிரஸ் மெஷின் மாமியாராகிவிட்டது. நூறு டன் எடையுள்ள மாமியார். "டொம்! சோறு போடு மாப்ள. டொம்! இன்னா இது, தெனம் தகடு? நாக்கு செத்துப்போச்சு மாப்ள. கறி இல்லியா?" மருமகன் கெஞ்சினான். "கறி இல்ல அத்தே, வெண்டக்கா கீது. பிஞ்சு வெண்டக்கா. மூணே மூணு." டொம்! முக்காடு போட்ட மாமியார் மென்றாள், விழுங்கினாள், ஏப்பம் விட்டாள். "மிச்சம் ரெண்டு கீதே மாப்ள?" இருதயசாமி மிஞ்சிய இரண்டு விரலையும் நெருப்புக்கு முன்னால் ஆட்டிக் காட்டினான். "அது நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு வெச்சிருக்கேன் அத்தே!"

நடேசன் மணலில் புரண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, சூதுவாது தெரியாமல் கேட்டான்: "அண்ணா, ஆனா சென்சாரு கீதே, வாட்ச்மேன் மாரி? அத யாருண்ணா ஆஃப் பண்ணது? யாருமே சொல்ல மாட்றாங்களே?"

வெளிச்சத்துக்குப் பின்னால் ஜெகதீஷின் முகம் தெரியவில்லை. அவன் அங்கே கூசிக்கொண்டு நிற்பான், பாவம் என்று இருதயசாமிக்குத் தோன்றியது. சின்னப் பையனுக்கு முன்னால் அவனை விட்டுக்கொடுக்கக் கூடாது.

"யாரு பண்ணுவா? ஐயாதான்!" என்று மாரில் தட்டிக்கொண்டான். "வாட்ச்மேனக் கூப்ட்டு, 'யோவ், நீ போயி டீ குடிச்சிட்டு வா, நானும் மாமியாரும் கொஞ்சம் தனியாப் பேசணும்'னு சாவிய நானே திருப்பிட்டேன்! பேசுனோம்... டொம்!"

அவன் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை. நடேசன் போதும் போதும் என்று கும்பிட்டான். விளக்கு அணைந்தது.

மறுநாள் காலையில் கோட்டைச் சுவர்மேல் ஏறிப் பார்த்தார்கள், கடலில் குளித்தார்கள், திரும்பினார்கள். பனையூர் வரும்போது திருமலை அவன் பக்கத்தில் வந்து, "இருதயம்ணே, நேத்து அதப் பண்ணியிருக்க வேண்டாம்லா" என்றான். கை போனதை வைத்து விளையாடுவது நல்லதில்லை என்று சொல்கிறான் போல என்று எடுத்துக்கொண்டு, "விடுப்பா, அழுதா மட்டும் மொளைக்கவா போகுது?" என்றான் இருதயசாமி. திருமலை ஏதோ சொல்ல வந்தான். ஜெகதீஷ் பின்னால் வந்துகொண்டிருந்தான். திருமலை சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து ரிஜிஸ்டர் தபால் வந்தது. பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்து தனக்கும் கம்பெனிக்கும் கேடு விளைவித்ததாக இருதயசாமி மேல் குற்றச்சாட்டு.

விசாரணை ஆபீஸ் மாடியில் ஏசி அறையில் நடந்தது. விசாரிக்க வந்தவர் வெளியிலிருந்து கம்பெனி வரவழைத்த வக்கீல், வயசானவர். சுவரில் இருந்த பெரிய டிவியில், கடற்கரையில் ஜெகதீஷின் போன் எடுத்த வீடியோவைப் போட்டார்கள். நடேசன் கேள்வி கேட்கும் இடத்தில் தொடங்கி, 'டொம்' என்ற இடத்தில் முடிந்தது. ஒரு நிமிஷம்கூட இல்லை. முக்காடு போட்டுக்கொண்டு, நெருப்பு வெளிச்சத்தில், தான் மாரில் தட்டிக்கொள்வதை இருதயசாமி பார்த்தான். எச்.ஆர். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். வக்கீலுக்குக்கூட மூக்கு நுனி லேசாகத் துடித்ததை அவன் கவனித்தான்.

"இதுல இருக்கறது நீங்கதானே?"

"நாந்தான் சார். ஆனா அது நடிப்பு சார்."

"நடிப்புன்னா?"

"சும்மா... சிரிக்கறதுக்கு சார்."

"கை போனது சிரிக்கற விஷயமா?"

இருதயசாமி உண்மையைச் சொன்னான். சீனிவாசன் சொன்னார், ஜெகதீஷ் சாவி போட்டான் என்றான். வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்து அவன் முன்னால் தள்ளினார். ஆஸ்பத்திரியில் அவன் எழுதிக் கொடுத்தது.

"இதுல ரிப்பேர்னு எழுதியிருக்கீங்க."

"அவனக் காப்பாத்த எழுதினேன் சார்."

"அன்னைக்கு அவரக் காப்பாத்த ஒண்ணு. கடற்கரையில சிரிக்கறதுக்கு ஒண்ணு. இன்னைக்கு உங்களக் காப்பாத்திக்க ஒண்ணு. எதை நான் எழுதிக்கட்டும்?"

திருமலையைக் கூப்பிட்டார்கள். கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன், எதுவும் தெரியாது என்றான். நடேசனைக் கூப்பிட்டார்கள். "அண்ணன்தான் சாவி போட்டேன்னு சொன்னாரு சார்" என்றான். "நான் கேட்டேன், சொன்னாரு." பொய் சொல்லத் தெரியாதவன் சொன்ன சாட்சி. அதுதான் எடுபட்டது.

கீழே பைக் ஸ்டாண்டில் இருதயசாமி ஜெகதீஷைப் பிடித்தான். அடிக்கத்தான் போனான். எந்தக் கையால் அடிப்பது என்று ஒரு நொடி தடுமாறிவிட்டான்.

"நாந்தான் ஆஸ்பத்திரியிலயே சொன்னனேடா, உன் பேர எடுக்க மாட்டேன்னு. அப்பவும் இன்னாத்துக்குடா?"

ஜெகதீஷ் பதறவில்லை. ஹெல்மெட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தான்.

"சொன்ன. நீ நல்லவன்தான், இல்லன்னு சொல்லல. ஆனா உன் வாய் கீதே... நாலு பேரு சிரிப்பாங்கன்னா நீ எத வேணாலும் சொல்லுவ. இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு, எதுனா ஒரு டீக்கடையில, பஸ்ஸுல, என் பேரும் அந்தக் கதையில வந்துரும். அத நெனச்சி நெனச்சி மூணு மாசம் எனக்குத் தூக்கம் இல்லடா. சீனிவாசன் சார்தான் வீடியோ எடுக்கற யோசன சொன்னாரு. நீயே சாவி போட்டதாச் சொல்லுவேன்னு நானும் நெனைக்கல. நீயே எழுந்து ஆடிட்ட."

"உனக்காகத்தான்டா அப்புடிச் சொன்னேன். நடேசன் எதிர்ல உன்ன விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு."

"தெரியும்" என்றான் ஜெகதீஷ். பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டு போய்விட்டான்.

அந்த மாதமே வேலை போனது. லேபர் கோர்ட்டில் வழக்குப் போட்டான். வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் அதைவிட வேகமாகப் போனது வீடியோ. யார் அனுப்பினார்கள் என்று தெரியவில்லை. மறைமலை நகரிலிருந்து குன்றத்தூர் வரை ஷிஃப்ட் முடிந்து போகிற ஆட்களின் வாட்ஸ்அப்பில் எல்லாம் 'நூறு டன் மாமியார்' ஓடியது. ஒரு சாயங்காலம் ஜோவிதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"எங்க கிளாஸ்ல பசங்க எல்லாரும் ரெண்டு வெரல ஆட்டிக் காட்றாங்கப்பா. மொதல்ல எனக்குத் தெரில. இருட்டா இருந்துச்சா... நானும் சிரிச்சிட்டேன். அப்பறம்தான் நீன்னு தெரிஞ்சுது."

அன்னபுஷ்பம் போனைப் பிடுங்கி முழுசாகப் பார்த்தாள். அழவில்லை. பார்த்து முடித்துவிட்டுப் போனைக் கட்டில்மேல் எறிந்தாள்.

"ஊரு சிரிக்கணும் உனக்கு. மூணு வெரலு போச்சு, அதுக்கு நான் ஆஸ்பத்திரி வாசல்ல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணேன். நீ அத மாமியாருக்குப் பொரியல் பண்ணிட்டு வந்துருக்க." அடுப்படிக்குப் போகத் திரும்பியவள், "இனிமே இந்த வூட்டுல வாயத் தொறக்காத" என்றாள். கோபத்தில் சொன்னதாக அவன் நினைத்தான். கோபம் போன பிறகும் அவள் அதை மாற்றிக்கொள்ளவில்லை. அவன் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். மகளும் அம்மா பின்னாலேயே போகப் பழகிவிட்டாள்.

வல்லம் பக்கத்தில் ஒரு கிடங்கில் கேட் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. உள்ளே வருகிற லாரி நம்பரை இடது கையால் நோட்டில் எழுத வேண்டும். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். லாரிக்காரர்களில் இரண்டு மூன்று பேர் அவனை அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணே, அந்த மாமியார ஒரு வாட்டி பண்ணு" என்று கேட்பார்கள். அவன் தலையை நிமிர்த்தாமல் நம்பரை எழுதுவான். நடேசன் ஒரு தடவை பழங்களோடு கேட்டுக்கு வந்து நின்றான். "அண்ணா, நான் உண்மையத்தானே சொன்னேன்? நீதானே சொன்ன?" என்று கேட்டுக் கண் கலங்கினான். அவனுக்கு இன்னும் புரியவில்லை. புரிய வைக்க இருதயசாமிக்கும் தெம்பில்லை. பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டான்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலையில், வல்லம் போகிற ஷேர் ஆட்டோவில் எதிர் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவனுடைய பழைய கம்பெனி யூனிஃபார்ம், புது மடிப்புக் கலையாமல் இருந்தது. கழுத்து அட்டையில் பிரவீனா என்று எழுதியிருந்தது. அவன் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. டிரெய்னிங் வீடியோல வர்றது நீங்கதானே?"

"இன்னா டிரெய்னிங்?"

"சேஃப்டி கிளாஸ்ண்ணா. சேர்ந்த மொத நாளே போட்டாங்க. ஜெகதீஷ் சார்தான் எடுத்தாரு. சேஃப்டிக்கு அவருதான் இன்சார்ஜ்." அவன் கையை மறுபடியும் பார்த்தாள். "சென்சார ஆஃப் பண்ற ஆளுங்க எப்படி இருப்பாங்கன்னு காட்டறதுக்காகப் போட்டாரு. பாத்துட்டு எல்லாரும் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டோம்."

ஆட்டோ ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. இருதயசாமி வெளியே பார்த்தான். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"முழுசாப் போட்டாங்களா?"

"முழுசாத்தாண்ணா."

"சிரிச்சாங்களா?"

"பயங்கரமா. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு வெச்சிருக்கேன்னு சொல்லுவீங்களே, அந்த எடத்துல எழுபது பேரும் சிரிச்சோம். சாரே சிரிச்சாரு."

இருதயசாமியின் முகம் தன்னையறியாமல் மலர்ந்தது. எழுபது பேர். அந்த இடத்தில்தான் சிரிப்பு வரும் என்று அவனுக்கு அன்றைக்கே தெரியும். இன்னும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. மறு நொடி, தான் சிரித்துக்கொண்டிருப்பது அவனுக்கு உறைத்தது.

"நிறுத்துப்பா" என்றான் டிரைவரிடம்.

கேட்டுக்கு இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் இருந்தது. இறங்கி நடந்தான். வெயில் ஏறிவிட்டிருந்தது. அவன் போய்ச் சேர்வதற்குள் கேட்டுக்கு வெளியே மூன்று லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நோட்டை எடுத்து, இடது கையால் முதல் நம்பரை எழுத ஆரம்பித்தான்.